தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் உண்மையில் எதை ஒருங்கிணைக்கிறது?

நெய்தல்வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் நாகப்பட்டினம் மாவட்டத்தின் கடலோரக் கிராமம் ஒன்றில் வசிக்கிறேன். புயல், வெள்ளக் காலங்களில் உதவுவதற்காக வருவாய்த்துறையினர் வைத்திருக்கும் முதல்நிலை மீட்பாளர் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. அதனாலேயே ஊரார் கேட்கும் கேள்விகளுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவற்றுள் சிலவற்றுக்கு என்னிடம் சரியான விடை இல்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. முந்தின நாளே எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டதால் உயிருக்குச் சேதமில்லை. ஆனால் தென்னை, படகு, மின்கம்பம் எதுவும் மிஞ்சவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பச் சொன்னவர் கிராம நிர்வாக அலுவலர். ஆட்சியரின் உத்தரவு என்றார். சாய்ந்த மரங்களை அறுத்தவர்கள் தேசியப் பேரிடர் மீட்புப் படையினர். சேதத்தைப் பார்வையிட டெல்லியிலிருந்து மத்தியக் குழு ஒன்று வந்தது. இதைத் தேசியப் பேரிடராக அறிவிக்க வேண்டும் என்று பலரும் கேட்டார்கள், அது நடக்கவில்லை. பிறகு 2023 அக்டோபரில் ஒரு நாள் எல்லோருடைய கைப்பேசியும் ஒரே நேரத்தில் அலறியது. அது சோதனைச் செய்தி என்று பின்னால்தான் தெரிந்தது.

பிரதமரைத் தலைவராகக் கொண்ட தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. மேலே சொன்ன எந்த இடத்திலும் அந்தப் பெயரை நாங்கள் கேட்டதில்லை. அப்படியானால் அது ஒருங்கிணைப்பது எதை? கைப்பேசி எச்சரிக்கையை அனுப்புவது யார்? தேசியப் பேரிடர் என்ற அறிவிப்பு ஏன் வருவதில்லை? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பழைய வட்டாட்சியர் எழுதியது:

நெய்தல்வாசி அவர்களுக்கு வணக்கம். வருவாய்த்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆணையத்தின் பெயரைக் கேட்டதும் போர்க்காலத் தலைமையகம் போன்ற ஒன்றை நாம் கற்பனை செய்துகொள்கிறோம். அங்கிருந்து கட்டளை பிறக்கும், கீழே உள்ளவர்கள் நிறைவேற்றுவார்கள் என்று எண்ணுகிறோம். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் அப்படி எழுதப்படவில்லை. கொள்கையும் வழிகாட்டு நெறிமுறையும் வகுப்பதே ஆணையத்தின் முதன்மைப் பணி. அவற்றை மத்திய அமைச்சகங்கள் நிறைவேற்றுகின்றனவா என்று பார்ப்பதற்கு உள்துறைச் செயலாளரின் தலைமையில் தேசியச் செயற்குழு இருக்கிறது. மாநிலத்தில் முதலமைச்சரின் தலைமையில் மாநில ஆணையமும், மாவட்டத்தில் ஆட்சியரின் தலைமையில் மாவட்ட ஆணையமும் உள்ளன. மாவட்ட ஆணையத்தில் உள்ளாட்சியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி ஒருவர் இணைத் தலைவராக இருக்க வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. பலருக்கு இது தெரியாது.

இந்தச் சட்டம் பிறந்த கதையைச் சொல்லாமல் அமைப்பு விளங்காது. 2002 வரை பேரிடர் என்பது மத்திய வேளாண் அமைச்சகத்தின் வேலையாக இருந்தது. பஞ்ச காலத்தில் கஞ்சித் தொட்டி திறந்த காலத்திலிருந்து வந்த மரபு அது: முதலில் அழிவு வரும், பிறகு அரசு நிவாரணம் கொடுக்கும். 2001 குஜராத் நிலநடுக்கத்துக்குப் பிறகு பொறுப்பு உள்துறைக்கு மாறியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை உங்கள் மாவட்டத்தில் என்ன செய்தது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதன்பின் ஒரே ஆண்டுக்குள் சட்டம் நிறைவேறியது. வருமுன் குறைத்தல், தயார்நிலை, மீட்பு, மறுகட்டுமானம் ஆகிய அனைத்தும் ஒரே தொடர் வேலை என்று தேசிய அளவில் முதன்முதலாக இந்தச் சட்டம்தான் வரையறுத்தது. அரசியலமைப்பின் எந்தப் பட்டியலிலும் பேரிடர் என்ற சொல்லே கிடையாது என்பதால், பொதுப்பட்டியலில் உள்ள சமூகப் பாதுகாப்பு என்ற இனத்தின் கீழ் இதை இயற்றினார்கள்.

இனி, ஒரு புயலைத் தொடர்ந்து செல்வோம். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகி வலுப்பெறும்போது, இந்திய வானிலை ஆய்வுத் துறை சுமார் 72 மணி நேரத்துக்கு முன் முதல் முன்னறிவிப்பையும், 48 மணி நேரத்துக்கு முன் அடுத்ததையும், 24 மணி நேரத்துக்கு முன் புயல் எச்சரிக்கையையும் வெளியிடும். முதல் அறிவிப்பு மத்திய அமைச்சரவைச் செயலாளருக்கும் மாநிலத் தலைமைச் செயலாளருக்கும் போய்விடும். அமைச்சரவைச் செயலாளரின் தலைமையில் உள்ள தேசிய நெருக்கடி மேலாண்மைக் குழு காணொலியில் கூடும். எத்தனை மீட்புக் குழுக்கள் எங்கே நிறுத்தப்பட வேண்டும், கடற்படையும் கடலோரக் காவல்படையும் எதற்குத் தயாராக இருக்க வேண்டும், தொலைத்தொடர்பையும் மின்சாரத்தையும் எப்படி மீட்பது என்பவை அங்கே பேசப்படும். சென்னையில் எழிலகத்தில் உள்ள மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து வருவாய் நிர்வாக ஆணையர் மாவட்டங்களோடு பேசுவார். 1070 என்று அழைத்தால் அந்த மையம். 1077 என்றால் உங்கள் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை.

இதற்கு மேல் எல்லாம் ஆட்சியரின் மேசையில்தான் நடக்கும். எந்தக் கிராமத்தை எப்போது காலி செய்வது, எந்தப் பள்ளியைத் திறப்பது, யாருடைய பொக்லைனை எடுத்துக்கொள்வது என்பவற்றை அவரே முடிவு செய்கிறார். வாகனத்தையும் கட்டடத்தையும் கையகப்படுத்த 65ஆம் பிரிவும், ஒப்பந்தப்புள்ளி கோராமல் அவசரக் கொள்முதல் செய்ய 50ஆம் பிரிவும் இடம் தருகின்றன. கிராம நிர்வாக அலுவலர் உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. புயல் நாளில் ஆணையத்தின் பெயர் உங்கள் காதில் விழாதது இயல்பானதே. 2008இல் அது வெளியிட்ட வெள்ள, புயல் நெறிமுறைகளும் 2010இல் வெளியிட்ட நகர்ப்புற வெள்ள நெறிமுறைகளும் ஆட்சியரின் திட்டப் புத்தகத்துக்குள் எந்த அளவுக்கு இறங்கியிருக்கின்றன என்பதில்தான் அதன் வேலை தெரியும்.

மீட்புப் படையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதன் பொதுக் கண்காணிப்பும் வழிநடத்தலும் ஆணையத்துக்கே உரியவை என்று 45ஆம் பிரிவு கூறுகிறது. நடைமுறையில் குழுக்களை அனுப்புவது உள்துறை அமைச்சகத்துடனான பேச்சின் வழியே நடக்கிறது. 2006இல் 8 அணிகளோடு தொடங்கிய படை இன்று 16 அணிகளாக இருக்கிறது. நம் பக்கத்துக்கு வருவது அரக்கோணத்தில் உள்ள 4ஆவது அணி. எல்லைப் பாதுகாப்புப் படை, மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை போன்றவற்றிலிருந்து அயற்பணியில் வருபவர்களே இதன் வீரர்கள். புயல் வருவதற்கு முன்பே அவர்களைக் கொண்டுபோய் நிறுத்துவது இன்று வழக்கமாகிவிட்டது. நான் பணியில் சேர்ந்த காலத்தில் இதை நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது.

கைப்பேசி எச்சரிக்கையின் வழி இது. வானிலைத் துறை, ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், மத்திய நீர் ஆணையம் போன்றவை எச்சரிக்கையை உருவாக்குகின்றன. மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அதைப் பார்த்து, தேவையான திருத்தத்துடன் உள்ளூர் மொழியில் ஒப்புதல் தருகிறது. பிறகு தொலைத்தொடர்பு நிறுவனங்கள் குறிப்பிட்ட பகுதியிலுள்ள கோபுரங்களின் வழியே மட்டும் அனுப்புகின்றன. ‘சச்சேத்’ என்று பெயரிடப்பட்ட இந்த அமைப்பைத் தேசிய ஆணையம் முன்னின்று கொண்டுவந்தது. மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட் தொழில்நுட்பத்தை உருவாக்கியது. முன்பு ஒவ்வொரு துறையும் தனித்தனியே தொலைநகல் அனுப்பிக்கொண்டிருந்தது; அந்த இடத்தில் இப்போது எல்லோருக்கும் பொதுவான ஒரே வடிவமும் ஒரே பாதையும் வந்திருக்கின்றன. நீங்கள் கேட்ட ‘ஒருங்கிணைப்பு’ என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

வரவுசெலவு எழுதியது:

பெரியவர் நிதியைத் தொடவில்லை. அதை நான் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். என்.டி.ஆர்.எஃப் என்ற சுருக்கம் மீட்புப் படைக்கும் உண்டு, தேசியப் பேரிடர் நிவாரண நிதிக்கும் உண்டு. செய்திகளில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து வரும்போது படிப்பவர்கள் தடுமாறுவதில் வியப்பில்லை.

செலவின் முதல் சுமை மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் மேல் விழுகிறது. அதில் பெரும்பாலான மாநிலங்களுக்கு 75 விழுக்காட்டையும், வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90 விழுக்காட்டையும் மத்திய அரசு தருகிறது. இது ஆண்டுதோறும் இரண்டு தவணைகளாக வரும்; புயல் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் வரும். அதனால்தான் ஒரு புயலுக்குப் பின் ‘மத்திய அரசு இத்தனை கோடி விடுவித்தது’ என்ற செய்தி வந்தால், அது வழக்கமான தவணையா, கூடுதல் உதவியா என்று பார்க்க வேண்டும். மாநில நிதி போதாதபோது மட்டுமே தேசிய நிதியிலிருந்து கூடுதல் உதவி கேட்க முடியும். மத்தியக் குழு சேதத்தைப் பார்வையிட்டு அறிக்கை தரும். தேசியச் செயற்குழுவின் துணைக் குழு அதை ஆராயும். இறுதியில் உள்துறை அமைச்சரின் தலைமையிலான உயர்நிலைக் குழு தொகையை முடிவு செய்யும். முன்பெல்லாம் மாநிலத்தின் கோரிக்கை மனு வந்த பிறகே மத்தியக் குழு கிளம்பும். 2019 ஆகஸ்டில் அந்தக் காத்திருப்பு நீக்கப்பட்டது. இந்தப் பாதையில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பணத்தை அளக்கும் இடத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

தேசியப் பேரிடர் அறிவிப்பைப் பற்றி: அப்படி அறிவிப்பதற்கான விதி நிவாரண நிதி நெறிமுறைகளில் கிடையாது. மத்திய அரசு இதை நாடாளுமன்றத்தில் பலமுறை சொல்லியிருக்கிறது. 2018இல் கேரள வெள்ளத்தின்போதும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளத்தின்போதும் இதே கோரிக்கை எழுந்தது, இதே பதில் வந்தது. ‘தீவிரத் தன்மை கொண்ட பேரிடர்’ என்று வகைப்படுத்தும் நடைமுறை மட்டும் உண்டு. 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவு அப்படி வகைப்படுத்தப்பட்டது; அந்த முடிவு வர டிசம்பர் ஆகிவிட்டது. அதன் உடனடிப் பயன்களில் ஒன்று, நாட்டின் எந்தப் பகுதி நாடாளுமன்ற உறுப்பினரும் தம் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து ஒரு கோடி ரூபாய் வரை அங்கே தரலாம் என்பது. அறிவிப்பு என்ற சொல்லுக்காக நாம் அடித்துக்கொள்வதைவிட, நிவாரணத் தொகையின் அளவுகோலை எந்த விலைவாசியில் கணக்கிட்டார்கள் என்று கேட்பது பயனுள்ளது என்பது என் கருத்து. விழுந்த ஒரு தென்னை மீண்டும் காய்க்க எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பது டெல்டாக்காரர்களுக்குத் தெரியும், நிவாரண அட்டவணைக்குத் தெரியாது.

மக்கள் அதிகம் பேசாத பகுதி தணிப்பு நிதி, அதாவது பேரிடரின் பாதிப்பை முன்கூட்டியே குறைக்கும் வேலைகளுக்கான நிதி. 2005 சட்டத்திலேயே அதற்கு இடம் இருந்தும் பல ஆண்டுகள் காகிதத்தில் கிடந்தது. 15ஆவது நிதிக் குழுதான் 2021-26 காலத்துக்கு மாநிலங்களுக்காகப் பரிந்துரைத்த 1,60,153 கோடி ரூபாயில் 20 விழுக்காட்டைத் தணிப்புக்கென்றே பிரித்து வைத்தது. தேசிய அளவிலும் அதே விகிதம். அதன் கீழ் ஏழு பெருநகரங்களின் வெள்ளத்தடுப்புக்கு 2,500 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. சென்னையின் பங்கு 500 கோடி. மிக்ஜாம் புயலின்போது சென்னைக்கு 561.29 கோடி ரூபாய்த் திட்டம் ஒப்புதலானது என்று செய்தி வந்ததே, அதில் மத்திய அரசின் பங்கான 500 கோடி இதுதான். பலர் அதைப் புயல் நிவாரணம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இரயுமன்துறைக் கரை எழுதியது:

பெரியவர் காட்டிய 72 மணி நேர வரிசை ஒழுங்காக வரும் புயலுக்குப் பொருந்தும். எங்கள் கன்னியாகுமரிக் கரைக்கு 2017இல் வந்த ஒக்கி அப்படி வரவில்லை. நவம்பர் 29இல் தாழ்வு மண்டலமாக இருந்தது, 30ஆம் தேதி முற்பகலில் புயலாகிவிட்டது. கரையோரம் மீன்பிடிக்கப் போகிறவர்களைத் தடுக்க அந்த நேரம் போதும் என்று வாதிடலாம். ஆனால் எங்கள் ஆட்கள் ஆழ்கடலில் பல நாள் தங்கித் தொழில் செய்கிறவர்கள். புயலுக்குப் பெயர் வைத்தபோது அவர்கள் கரையை விட்டுப் போய்ப் பல நாள்கள் ஆகியிருந்தன. கைப்பேசிக் கோபுரம் எட்டும் எல்லை முடிந்தபின் அவர்களுக்கு எந்தச் செய்தியும் போகாது.

வானிலைத் துறை சொன்னது, மாநிலம் சொன்னது, மீன்வளத்துறை சொன்னது என்று எல்லோரும் பின்னால் தங்கள் கோப்பைக் காட்டினார்கள். ஒவ்வொரு கோப்பும் அதனளவில் சரியாகவே இருந்திருக்கலாம். கடைசிக் கண்ணி படகில் இருந்தது, அதை யாருடைய பொறுப்பிலும் எழுதி வைத்திருக்கவில்லை. அதன் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை பெறும் கருவிகளைப் பற்றிப் பேச்சு வந்தது. 2019இல் ‘ஜெமினி’ என்ற கருவியை வெளியிட்டார்கள். அது செய்தியைப் பெறும், படகிலிருந்து திருப்பிச் சொல்லாது. இருவழிச் செய்திக் கருவிகள் பிறகு வரத் தொடங்கின. என் வீட்டிலேயே ஒக்கியில் போனவர் உண்டு என்பதால் இதற்கு மேல் எழுத விரும்பவில்லை.

ஊவா வாசகன் எழுதியது:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்களிடமும் ஆழிப்பேரலைக்குப் பின் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் (உங்கள் சொல்லில் பேரிடர் மேலாண்மைச் சட்டம்) வந்தது. சனாதிபதி தலைமையிலான தேசிய சபையில் எதிர்க்கட்சித் தலைவருக்கும் இடம் உண்டு. இந்தியச் சட்டத்தில் இல்லாத நல்ல ஏற்பாடு அது. சபையின் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் இயங்குகிறது. அவசர அழைப்பு இலக்கம் 117.

மேலே நண்பர் கடைசிக் கண்ணி என்று எழுதியதைப் படித்ததும் மீரியபெத்தை நினைவுக்கு வந்தது. பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தின் லயன்கள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) 2014 ஒக்டோபர் 29 காலையில் மண்சரிவில் புதைந்தன. மண்சரிவு அபாயத்தை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடம் குடியிருக்கத் தகுந்ததல்ல என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆக, அபாயம் அறியப்பட்டிருந்தது. எச்சரிக்கையும் எழுத்தில் கொடுக்கப்பட்டிருந்தது. மாற்றுக் காணியும் மாற்று வீடும் கொடுக்க வேண்டியது யார் என்பதில்தான் ஆண்டுகள் கழிந்தன. லயன் அறையும் அது நிற்கும் நிலமும் தோட்டத் தொழிலாளிக்குச் சொந்தமில்லை. எழுந்து போ என்றால் எங்கே போவது?

இப்போது மழைமானியில் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் முதல் அறிவிப்பு, 100 தாண்டினால் அடுத்தது, 150 தாண்டினால் வெளியேற்றம் என்று படிநிலை வைத்திருக்கிறார்கள். கிராம உத்தியோகத்தருக்கும் அது தெரியும். இரவில் 150 தாண்டும்போது போய்த் தங்கும் இடம் முன்கூட்டியே குறிக்கப்பட்ட ஊர்களில் இது வேலை செய்கிறது. குறிக்கப்படாத ஊர்களில் மழைமானி நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கறார் எழுதியது:

பழைய வட்டாட்சியர் ஆணையத்தைச் சற்றுத் தாராளமாகவே மதிப்பிட்டுவிட்டார். சட்டம் கட்டாயமாக்கிய தேசியத் திட்டத்தை அது வெளியிட்டது 2016இல். சட்டம் வந்து பத்தாண்டுகளுக்குப் பின். அதற்கு முன்பே 2013இல் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை அந்தத் திட்டம் இல்லாததைச் சுட்டிக்காட்டியிருந்தது. நெறிமுறை எழுதுவது மட்டுமே வேலை என்றால், அதைப் பின்பற்றாத மாநிலத்தை என்ன செய்ய முடியும்?

இன்னொன்று: ஆணையத்துக்குக் கட்டளையிடும் அதிகாரம் இல்லை என்பதும் முழு உண்மையன்று. 2020 மார்ச் 24 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது இந்தச் சட்டத்தின் கீழ்தான். ஆணையம் 6ஆம் பிரிவின்படி உத்தரவிட, செயற்குழுத் தலைவரான உள்துறைச் செயலாளர் 10ஆம் பிரிவின்படி விதிமுறைகளை வெளியிட்டார். புயலையும் வெள்ளத்தையும் மனத்தில் வைத்து எழுதிய சட்டம் கொள்ளைநோய்க்கு ஒரே இரவில் போதுமானதாகிவிட்டது. ஆனால் கோவிட் மரணங்களுக்கு இழப்பீடு என்ற பேச்சு வந்தபோது, 12ஆம் பிரிவின்படி நெறிமுறை வகுக்க வேண்டும் என்று 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டியிருந்தது. அதன்பின்னரே 50,000 ரூபாய் என்று ஆணையம் பரிந்துரைத்தது. அதிகாரம் வேண்டும்போது தேசியம், பொறுப்பு என்று வந்தால் மாநிலம் என்ற நிலை எனக்கு உவப்பாக இல்லை.

பழைய வட்டாட்சியர் எழுதியது:

கறார் அவர்கள் கூறியதில் ஊரடங்குச் செய்தி சரி. ‘முதன்மைப் பணி’ என்று நான் எழுதியது அதை மறைப்பதற்காக அல்ல என்றாலும், குறிப்பிட்டிருக்க வேண்டும். திட்டத்தின் தாமதத்துக்கும் நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. 2025இல் வந்த சட்டத்திருத்தம் இதில் ஒரு பகுதியைத் தொட்டிருக்கிறது. தேசியத் திட்டத்தை இனிச் செயற்குழு தயாரிக்காது, ஆணையமே தயாரிக்கும். அமைச்சரவைச் செயலாளரின் நெருக்கடி மேலாண்மைக் குழுவுக்கும் உயர்நிலைக் குழுவுக்கும் சட்டத் தகுதி கிடைத்திருக்கிறது. மாநகராட்சி உள்ள நகரங்களில் ஆணையரைத் தலைவராகவும் ஆட்சியரைத் துணைத் தலைவராகவும் கொண்டு நகர்ப்புற ஆணையம் அமைக்கலாம். சென்னையில் மழைநீர் வடிகால் ஒருவரிடமும், ஆறு இன்னொருவரிடமும், ஏரி மூன்றாமவரிடமும் இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது ஏன் தேவைப்பட்டது என்று புரியும்.

பின்பற்றாத மாநிலத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு ஒடிசாவைப் பாருங்கள். 1999 அக்டோபர் பெரும்புயலில் அங்கே ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். தேசிய ஆணையம் பிறப்பதற்கு ஆறாண்டுகளுக்கு முன், அந்த ஆண்டே, ஒடிசா தனக்கென ஓர் ஆணையத்தை அமைத்துக்கொண்டது. 2013இல் பைலின் புயல் வந்தபோது சுமார் 10 லட்சம் பேரைப் பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றினார்கள். இறப்பு எண்ணிக்கை இரண்டிலக்கத்தில் நின்றது. யாரும் கட்டாயப்படுத்தி அது நடக்கவில்லை. புயல் பாதுகாப்பு மையங்களைக் கட்டியதோடு நிற்காமல், ஒவ்வொன்றையும் பராமரிக்க ஊர்க் குழுவை அமைத்தார்கள். அந்தக் குழுக்களே ஆண்டுதோறும் ஒத்திகையையும் நடத்துகின்றன.

நெய்தல்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இவ்வளவு விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை. இரயுமன்துறைக்காரருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எங்கள் ஊரிலும் 2004இல் போனவர்கள் இருக்கிறார்கள்.

இன்னும் ஒரு கேள்வி. எங்கள் கிராமத்துக்குப் பேரிடர் மேலாண்மைத் திட்டம் ஒன்றைத் திருத்தி எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். பழைய திட்டத்தின் படி ஒன்று கைக்கு வந்தது. அதில் பக்கத்து மாவட்டத்து ஆற்றின் பெயர் இருக்கிறது, எங்கிருந்தோ நகலெடுத்திருக்கிறார்கள். இதை யாருக்காக, எந்த அளவுக்கு விரிவாக எழுத வேண்டும்?

பழைய வட்டாட்சியர் எழுதியது:

அந்த ஆற்றின் பெயரைப் படித்துச் சிரித்துவிட்டேன். நானும் அப்படிப்பட்ட திட்டங்களில் கையெழுத்திட்டவன்தான்.

உள்ளாட்சியின் திட்டம் மாவட்ட ஆணையத்தின் பார்வைக்குப் போக வேண்டும். ஆனால் அதைப் பயன்படுத்தப் போவது உங்கள் ஊர். ஒடிசாவின் வெங்கட்ராய்பூர், நோலியாசாஹி என்ற இரண்டு சிற்றூர்களுக்கு 2020இல் யுனெஸ்கோ ஆழிப்பேரலைத் தயார்நிலைச் சான்று கொடுத்தது. அதற்கான அளவுகோல்களைத் தேடிப் பாருங்கள்: நீர் எதுவரை வரும் என்ற வரைபடம், வெளியேறும் பாதை, இரவும் பகலும் எச்சரிக்கை பெறும் வழி, நடந்து பார்த்த ஒத்திகை. பத்துப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். படுக்கையில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள், அவர்களைத் தூக்கிச் செல்லும் வண்டி யாருடையது, அந்த வண்டிக்காரர் ஊரில் இல்லாவிட்டால் அடுத்தவர் யார் என்று பெயரோடு எழுதுங்கள். கடலில் இருக்கும் படகுகளின் கணக்கை அன்றன்று யார் வைத்திருப்பார் என்பதையும் சேருங்கள். அதை ஏன் சொல்கிறேன் என்று மேலேயே ஒருவர் எழுதிவிட்டார். பள்ளிக்கூடச் சாவியும் மின்னாக்கியின் டீசலும் யார் பொறுப்பு என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். அக்டோபர் 2 கிராம சபை வரை காத்திருந்தால் மழை வாசலுக்கு வந்துவிடும். ஆகஸ்ட் 15 கிராம சபையிலேயே வாசித்துத் தீர்மானமாக்கிவிடுங்கள்.

நெய்தல்வாசி எழுதியது:

விசாரித்தேன், ஐயா. பள்ளியின் சாவி தலைமையாசிரியரிடம் இருக்கிறது; அவர் தினமும் நாகையிலிருந்து வந்துபோகிறவர். மாற்றுச் சாவி ஒன்று ஊரில் இருக்க வேண்டும் என்று கேட்டு இன்று மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். படகுக் கணக்கைப் பற்றி நாளை பஞ்சாயத்தாரிடம் பேசுகிறேன். வரைவு தயாரானதும் இங்கேயே பதிவிடுகிறேன்.